நெடுந்தூரப் பனிச்சறுக்குச் சப்பாத்துக்கு வாரும் கட்டும் அமைத்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

இக்கட்டுரை, ஊசியையும் தோல் வெட்டும் கத்தியையும் ஓரளவு கையாளத் தெரிந்த, ஆனால் பனிச்சறுக்குச் சப்பாத்தை இதுவரை கையில் எடுத்துப் பார்த்திராத ஒருவருக்காக எழுதப்படுகிறது. நோர்வேயில் வாழும் எமது உறவினர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது, அடி நல்ல நிலையில் இருந்தும் வார் இற்றுப்போன, அல்லது காலைக் கடிக்கிறது என்று ஒதுக்கி வைத்த சப்பாத்துகளைக் கொண்டுவந்து, இங்கே ஏதேனும் செய்ய முடியுமா என்று கேட்பதுண்டு. செய்ய முடியும். யாழ்ப்பாணத்தில் பை தைப்பவரிடமும் சப்பாத்துத் தைப்பவரிடமும் உள்ள கருவிகளே இதற்குப் பெரும்பாலும் போதும். குளிரை எப்படிச் சோதிப்பது என்பதற்கும் வழி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இறுக்கிக் கட்டினால் பாதுகாப்பு, தளர்த்திக் கட்டினால் சுகம் என்ற எண்ணத்தோடு இந்த வேலையைத் தொடங்குபவருக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. வாரின் இழுவை காலில் எந்த இடத்தில் விழுகிறது, எந்தத் திசையில் இழுக்கிறது என்பதைச் சரியாக அமைத்துவிட்டால், மிகக் குறைந்த இறுக்கத்திலேயே கால் அசையாமல் நிற்கும். குதியைப் பின்னோக்கிப் பிடித்து வைக்க வேண்டும். விரல்களைச் சும்மா விட வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகவே.

முதலில் சப்பாத்தைப் பாருங்கள்

மலைச்சரிவில் இறங்குவோரின் சப்பாத்து, விரற்பக்கத்திலும் குதிப்பக்கத்திலும் சறுக்குப் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். நெடுந்தூரப் பனிச்சறுக்கில் விரல்முனை மட்டுமே பூட்டப்படும். ஒவ்வோர் எட்டிலும் குதி பலகையை விட்டு மேலெழுந்து மீண்டும் இறங்கும். 1927 இல் நோர்வேக்காரரான புரோர் வித் உருவாக்கிய ரொட்டெஃபெல்லா என்ற பூட்டு, சப்பாத்தின் முன்விளிம்பை அமர்த்திப் பிடித்தது. அந்த வழியில் வந்த, 75 மில்லிமீற்றர் அகல முன்னடியும், அதன் அடியில் பூட்டின் முளைகள் நுழைய மூன்று துளைகளும் கொண்ட சப்பாத்துகளை இன்றும் காணலாம். இப்போது வருபவற்றில், விரல்நுனிக்குக் கீழே அடியில் ஒரு மெல்லிய உருக்குக் கம்பி குறுக்காகப் பதிந்திருக்கும். பலகையில் உள்ள பூட்டு அந்தக் கம்பியைக் கவ்வும். அந்தக் கம்பியையும் அது பதிந்துள்ள அடியையும் எக்காரணம் கொண்டும் துளையிடவோ, சுரண்டவோ, பசை பூசவோ கூடாது. எமது வேலை அடிக்கு மேலேதான்.

அடுத்து, இது எவ்வகைச் சப்பாத்து என்று பாருங்கள். இரண்டு பலகைகளையும் சமாந்தரமான தடத்தில் முன்னும் பின்னுமாகச் செலுத்தும் பழைய பாணிக்குரிய சப்பாத்து பதிவாகவும், அடி எளிதில் வளைவதாகவும் இருக்கும். சறுக்குச் சில்லுச் சப்பாத்தில் போவதைப்போலப் பக்கவாட்டில் உதைத்துச் செல்லும் பாணிக்குரியதில் அடி விறைப்பாகவும், கணுக்காலுக்கு மேலே உறுதியான கழுத்துப் பட்டையும் இருக்கும். முதல் வகையில் பாதத்தின் முன்பந்து மடியும் இடத்தில் மேற்தோலும் மடியும். அந்த மடிப்பின் குறுக்கே வாரையோ கயிற்றையோ கொண்டுசென்றால், ஒவ்வோர் எட்டுக்கும் அது விரல் மூட்டுகளை அறுக்கும். வெறுங்கையால் அடியை வளைத்துப் பார்த்து, மேற்தோலில் மடிப்பு விழும் கோட்டைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் எந்தக் கட்டும் வரக்கூடாது.

காலை அளத்தல்

மாலையில் அளப்பது நல்லது, ஏனெனில் பகல் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். அணியவிருக்கும் தடித்த காலுறையைப் போட்டபடியே, இருந்த நிலையில் ஒரு முறையும் எழுந்து நின்று ஒரு முறையுமாக, முன்பந்தின் சுற்றளவு, புறங்காலின் உயர்ந்த மேட்டின் சுற்றளவு, குதியின் அடிமூலையிலிருந்து கால் மடங்கும் இடத்தைச் சுற்றிவரும் சாய்வான சுற்றளவு ஆகிய மூன்றையும் தையல் நாடாவால் எடுங்கள். இரு கால்களையும் தனித்தனியே அளக்க வேண்டும்; அநேகருக்கு அவை ஒன்றுபோல் இருப்பதில்லை. கால் ஒஸ்லோவிலும் சப்பாத்து கொக்குவிலிலும் இருந்தால், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களையும் இந்த அளவுகளையும் வட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள்.

அளவுகளைவிட முக்கியமானவை நான்கு குறிகள். கணுக்கால் மொளிகள் இரண்டும் முதற் குறிகள். மூன்றாவதற்கு, பெருவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். புறங்காலில் ஒரு நாண் புடைத்து எழும். அந்த நாணுக்குச் சற்று வெளிப்புறமாக விரல்நுனியை மெதுவாக வைத்தால், பெரும்பாலானோரில் நாடி துடிப்பது தெரியும். விரல்களுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் ஒன்று அவ்விடத்தில் தோலுக்கு அருகிலேயே எலும்பின்மேல் ஓடுகிறது. வார் அதன்மேல் நசுங்கலாக விழுந்தால் விரல்கள் குளிர்ந்து விறைக்கும்; பனியில் அது அசௌகரியத்தோடு முடியாமல் உறைபனிக் காயத்தில் போய் முடியலாம். நான்காவது குறி, நாணுக்கு உட்புறத்தில், புறங்கால் மேட்டில் கூராகத் துருத்தும் எலும்பு. ஒல்லியான கால்களில் சப்பாத்து கடிக்கிறது என்ற முறைப்பாடு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு, இறுக்கம் சரியா என்பதை அவருடைய சொல்லை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். அவர் முதலில் தமது வைத்தியரிடம் பாதத்தைக் காட்டட்டும்.

இழுவையின் கோடு

இந்தப் படிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். புறங்காலுக்கு நேர் மேலாக, கடிகாரப் பட்டியைப்போலச் செங்குத்தாகச் சுற்றும் வார் பாதத்தை அடியோடு அமுக்கும். ஆனால் குதி பின்சுவரை விட்டு நழுவுவதைத் தடுக்காது. நழுவுகிறது என்று மேலும் இறுக்குவார்கள், இறுக்க இறுக்க விரல்கள் மரத்துப்போகும், குதி மட்டும் நழுவிக்கொண்டே இருக்கும். மாறாக, கணுக்கால் மொளிக்குக் கீழே சற்றுப் பின்னால், மேற்தோல் அடியோடு சேரும் விளிம்பில் தொடங்கி, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் முன்னேறி, காலும் பாதமும் சேர்ந்து மடங்கும் அந்த வளைவின்மேல் குறுக்காகக் கடந்து, மறுபுறத்தில் அதேபோல் இறங்கும் வார், இழுக்கும்போது பாதத்தைக் கீழேயும் பின்னேயும் ஒருசேரத் தள்ளும். குதி அதன் குழிக்குள் போய் அமரும். இந்த ஒரு வார் சரியாக அமைந்தால், முன்பகுதிக் கட்டு வெறும் மூடியாக இருந்தாலும் போதும். மொளிக்கும் வாரின் விளிம்புக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கட்டும்.

அகலத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒரே இழுவிசையில், வாருக்குக் கீழே காலில் விழும் அழுத்தம் வாரின் அகலத்துக்கு எதிர்விகிதமாக இருக்கும். கால் வளையும் இடத்தின் ஆரைக்கும் எதிர்விகிதமாக இருக்கும். 25 மில்லிமீற்றர் வாரை 40 மில்லிமீற்றர் ஆக்கினால் அழுத்தம் எட்டில் ஐந்து பங்காகக் குறைகிறது. ஆரையின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: துருத்திய எலும்பின்மேல் வளைவு கூராக இருப்பதால், அதே வார் அங்கே மட்டும் பல மடங்கு அழுத்தும். ஆகவே எலும்பின் உச்சியில் மெத்தை வைப்பது நிலைமையை மோசமாக்கும். உச்சியின் இருபுறமும் தாழ்ந்த இடங்களில் மெத்தை வைத்து வளைவை அகலமாக்குங்கள். நாணும் நாடியும் உள்ள இடத்தில் ஒரு வாய்க்கால்போல் வெற்றிடம் விடுங்கள். மெத்தைக்கு, தண்ணீர் குடிக்காத, மூடிய காற்றறைகள் கொண்ட ஈவிஏ (EVA) நுரைத் தகடு 4 அல்லது 5 மில்லிமீற்றர் தடிப்பில் பொருத்தமானது. கதிரைக்குப் போடும் சாதாரண ஸ்பொஞ் வியர்வையை உறிஞ்சி, பிறகு உறைந்துபோகும்.

இந்தக் கோட்டைத் தோலில் வெட்டுவதற்கு முன், பருத்தி நாடாவையும் ஊக்குகளையும் கொண்டு சப்பாத்தின்மேல் ஒரு மாதிரி கட்டுங்கள். அணிபவர் முழங்காலை முன்னே தள்ளி நன்றாகக் குந்தட்டும். அப்போது கால் மடங்கும் வளைவில் வாரின் மேல்விளிம்பு தோலைக் கிள்ளினால், அந்த விளிம்பை உட்குழிவாக வெட்ட வேண்டும் என்பது பொருள். நாடாவை நகர்த்தி மீண்டும் குத்துவதற்கு ஒரு நிமிடம். தைத்த வாரைப் பிரிப்பதற்கு அரை நாள்.

எந்தப் பூட்டு

கயிறு மலிவானது, எங்கும் கிடைக்கும், இறுக்கத்தைப் படிப்படியாக மாற்ற இடம் தரும். அதன் குறை, கையுறையோடு முடிச்சுப் போட முடியாது என்பதும், நனைந்த முடிச்சு உறைந்தால் அவிழாது என்பதும். கயிற்றைப் பயன்படுத்தினால், புறங்கால் மேட்டுக்குக் கீழே ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை முறுக்கி இழுத்து, கீழ்ப்பகுதியையும் மேற்பகுதியையும் பிரித்துவிடுங்கள். துளைகள் வழுக்கலாக இருந்தால், பாதம் வளையும்போது மேலே நீங்கள் இட்ட இறுக்கம் வழிந்து விரற்பக்கத்துக்கு வந்துவிடும். இரட்டை முறுக்கு அதை மறித்து நிற்கும். கயிற்றுக்கு மேலே சிப் வைத்த மூடியும் வேண்டும், இல்லையேல் பனி துளைகளுக்குள் புகும்.

பற்சட்டம் கொண்ட நெம்புப் பக்கிளும், மெல்லிய உருக்கு வடத்தைச் சுற்றும் சுழல்குமிழும் விலையுயர்ந்த சப்பாத்துகளில் வருகின்றன. அவை நல்லவைதான், ஆனால் உதிரிப்பாகம் இங்கே கிடைப்பது அரிது. உள்ளதைத் திருத்தலாம், புதிதாகப் பொருத்த முயல வேண்டாம்.

தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது, வளையத்தில் மடித்துத் திருப்பும் வெல்க்ரோ வார். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல், நாயின் உரோமத்தில் ஒட்டிய முட்காய்களைப் பார்த்துப் பெற்ற யோசனை அது. எமது வேலிக்கரையில் வேட்டியில் ஏறும் நாயுருவி வேலை செய்வதும் இதே முறையில்தான். வாரின் ஒரு முனையைச் சப்பாத்தின் வெளிப்புறத்தில் தைத்து, புறங்காலைக் கடந்து உட்புறத்தில் உள்ள தட்டையான வளையத்துக்குள் நுழைத்து, மீண்டும் வெளிப்புறம் நோக்கி மடித்து ஒட்டுங்கள். நீங்கள் நுனியில் இடும் விசை வளையத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகும், உராய்வில் போவது போக. வெல்க்ரோ தாங்க வேண்டியதும் அந்த இழுவையின் பாதியளவே. இழுக்கும் நுனி வெளிப்புறத்தில் முடிவதால், மறுகாலிலோ பலகையிலோ அது கொழுவிப் பிரியாது.

வெல்க்ரோ வழுக்குவிசைக்கு நன்றாக நிற்கும். நுனியிலிருந்து உரிக்கும் விசைக்கு உடனே விட்டுக்கொடுக்கும். எனவே நுனியின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கொக்கிப் பகுதி ஒட்டும் நீளம் குறைந்தது 6 சென்ரிமீற்றர் இருக்கட்டும். மூடிய நிலையில் கொக்கிப் பகுதி எங்கும் வெளியே தெரியாதபடி, எதிர்ப்புறமான மென்பகுதியைச் சற்று நீளமாக வையுங்கள். வெளியே தெரியும் கொக்கிகளில் பனி அடைந்துகொள்ளும், கம்பளிக் காலுறையும் நாசமாகும். நுனியில், கையுறையிட்ட விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிடிவளையம் தைத்துவிடுங்கள்.

பொருள் தெரிவு

கஸ்தூரியார் வீதிப் பக்கத்தில் பைச் சாமான் விற்கும் கடைகளில் நாடாக்களும் பக்கிள்களும் கிடைக்கும். எது எந்தப் பிளாஸ்ரிக் என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கிளை அமிழ்த்தி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தட்டிவிட்டு, கையை எடுங்கள். மிதந்தால் அது பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன். பூச்சியம் பாகைக்குக் கீழே அது நொறுங்கும் தன்மையடையும், அதை வைத்துவிடுங்கள். அசிற்றாலும் நைலோனும் தண்ணீரைவிட அடர்த்தியானவை, தாழும். குளிரையும் கூடுதலாகத் தாங்கும். நாடாவுக்கும் இதே சோதனை பொருந்தும், முதலில் நன்றாகப் பிழிந்து நனைத்தால். எரித்துப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். அசிற்றால் எரியும் புகை நச்சு.

நாடாவில் பொலியெஸ்ரரையே தேடுங்கள். நைலோன் வலிமையானதுதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சி நீளும். காலையில் இட்ட இறுக்கம் நண்பகலில் இராது. நோர்வேயில் ரேனாவிலிருந்து லில்லிஹாமர் வரை நடக்கும் பிர்கெபெய்னர் என்ற நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டி 54 கிலோமீற்றர். முதுகில் குறைந்தது 3.5 கிலோகிராம் பொதியும் இருக்க வேண்டும். அத்தகைய பாதையில் நின்று நின்று வாரை இழுத்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. வலைக்கடைத் தங்கூசி வலிமையாக இருக்கிறதே, கயிறாக இடலாமா என்று சிலர் கேட்பார்கள். அது விறைப்பானது, முடிச்சு நழுவும், துளையின் ஓரத்தையும் அறுக்கும். தோல் வாரும் வேண்டாம். நனைந்தால் நீண்டு, உறைந்தால் மரக்கட்டையாகிவிடும்.

தையல்

நூல் தடித்த பொலியெஸ்ரர்; தையற்காரரின் பருத்தி நூல் உழைக்காது. தையற்கண் 3 முதல் 4 மில்லிமீற்றர். அதைவிட நெருக்கினால் துளைகள் வரிசையாக நின்று, முத்திரையைக் கிழிக்கும் கோடுபோல் தோல் பிரியும். வாரின் தொடக்கத்தைச் சதுரமாகத் தைத்து நடுவே குறுக்கும் மறுக்குமாக இரு கோடுகள் இடுங்கள். உள்ளே, தோலுக்கும் வாருக்கும் பின்னால், ஒரு அங்குலம் பெரிதான உறுதித்துணி வைத்தால் விசை பரவும். சப்பாத்தின் உட்படலம் நீர்புகாத வகையானால், அதைத் துளைக்காமல் வெளித்தோலில் மட்டும் தைக்க வேண்டும். தவிர்க்க முடியாதபோது துளைகளை உட்புறத்தில் நீர்புகா ஒட்டுநாடாவால் மூடுங்கள்.

குளிரில்லா ஊரில் குளிர்ச் சோதனை

வீட்டு உறைபெட்டி வழமையாக மறை 18 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். வாரும் பக்கிளும் மாத்திரம் என்றால் அதுவே போதும். முழுச் சப்பாத்தும் அதற்குள் கொள்ளாது. பாசையூர், குருநகர்ப் பக்கம் மீனுக்கு வாங்கும் ஐஸை உடைத்து, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்ற நிறைக்கணக்கில் பெரிய பெட்டியில் கலந்து, சப்பாத்தைத் தடித்த பொலித்தீன் பையில் நன்றாகக் கட்டி உள்ளே புதைத்தால், மறை 15 பாகைக்குக் கிட்டக் கொண்டுவரலாம். வெப்பமானி ஒன்றைப் பையோடு வைத்துப் பாருங்கள். உப்புநீர் பைக்குள் புகுந்தால் உலோகப் பாகங்கள் துருப்பிடிக்கும். இரட்டைப் பை இடுங்கள்.

வாரை உலர்ந்த நிலையில் ஒரு தடவையும், தண்ணீரில் நனைத்து உதறிய பின் ஒரு தடவையும், இரவு முழுவதும் குளிரூட்டுங்கள். வெளியே எடுத்த உடனேயே, இரு கைகளிலும் தடித்த காலுறைகளைக் கையுறைபோல் மாட்டிக்கொண்டு, பூட்டைத் திறந்து மூடப் பாருங்கள். எமது வெக்கையில் இரண்டு நிமிடம் தாமதித்தாலும் பனிக்கட்டி உருகி, சோதனை பொய்யாகிவிடும். பிறகு, உறைபெட்டியின் சுவரில் படியும் வெண்மையான படலத்தைச் சுரண்டி எடுத்து, வெல்க்ரோவின் கொக்கிகளுக்கிடையே அமத்தித் தேய்த்து மூடுங்கள். உடைத்த ஐஸைவிட அதுவே உண்மைப் பனிக்கு நெருக்கமானது. ஒட்டும் நீளத்தில் பாதி அடைபட்டும் மற்றப் பாதி தாங்கினால் திருப்தியடையலாம். தாங்காவிட்டால் ஒட்டும் நீளத்தைக் கூட்டுங்கள்.

காலில் சோதனை

தடித்த பலகை ஒன்றில், சப்பாத்தின் விரற்கம்பி கொழுவும்படி இரண்டு கொக்கிகளைத் திருகிவிட்டால், வரவேற்பறையிலேயே சறுக்கு அசைவைச் செய்து பார்க்கலாம். குதிக்கும் பின்சுவருக்கும் இடையே ஒரு கடதாசிக் கீற்றைச் செருகி, சப்பாத்தின் மேல்விளிம்பில் கோடு போட்டு, குதியைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். காலுறையோடு சேர்ந்து கீற்று ஏறி இறங்கும் அளவு 5 மில்லிமீற்றருக்குள் நின்றால் நான் அதை ஏற்பேன். கூடுதலாக ஏறினால் வாரை இறுக்காதீர்கள். தொடங்கும் இடத்தைச் சற்றுப் பின்னே நகர்த்துங்கள்.

பாதி மணிநேரம் அணிந்த பின் சப்பாத்தைக் கழற்றி, பெருவிரல் நகத்தை அமுக்கி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு வினாடிக்குள் திரும்ப வேண்டும். புறங்காலில் சிவந்த தடம் இருந்தால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்திலும் மறையாத தடத்துக்கு நேர் மேலேதான் உங்கள் மெத்தை பிழையாக இருக்கிறது. விறைப்பான கழுத்துப் பட்டை உள்ள சப்பாத்தானால், மேல் வாருக்கும் காலுக்கும் இடையே இரண்டு விரல் நுழையட்டும்; பக்கவாட்டு அசைவை மறிப்பது பட்டையின் விறைப்பே, வாரின் இறுக்கம் அல்ல.

வேலை முடிந்த சப்பாத்தைத் தகரக் கூரைக்கடியிலோ வாகனத்தின் பின்பெட்டியிலோ வைக்க வேண்டாம். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் பொலியூரெத்தேன் அடி சில ஆண்டுகளில் பிட்டுப்போல் உதிரத் தொடங்கும். கொண்டு போகிறவரிடம், உதிரி வாரும் வெல்க்ரோத் துண்டும் ஒரு சிறு பையில் கொடுத்து, வார் வழமையாக நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளை நூலால் ஒரு தையற்குறி இட்டு அனுப்புங்கள். முதல் நாள் வீட்டுக்கு அருகிலுள்ள தட்டையான தடத்தில் ஒரு மணிநேரம் மட்டும் போய்ப் பார்த்து, அந்தக் குறியிலிருந்து வார் எவ்வளவு நகர்ந்தது என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த சோடிக்கு மாதிரி கட்டும்போது அந்த அளவு தேவைப்படும்.